பரணில் கிடக்கும் தாத்தா துப்பாக்கி: வைத்திருந்தால் 5 ஆண்டு, பழுதுபார்த்தால் ஆயுள் தண்டனையா? ஏற்காடு மலையும் ஆயுதச் சட்டமும்

மேசை மேல் துணி விரித்து, குழல், ட்ரிக்கர், கைப்பிடி என்று ஒவ்வொரு பாகமாக எடுத்துப் பொருத்தி, கடைசியில் முழு ரைஃபிளைத் தூக்கிக் காட்டும் அமெரிக்க வீடியோக்களை நீங்களும் பார்த்திருக்கலாம். 'என் முதல் துப்பாக்கி, நானே செஞ்சது' என்று அவர்கள் பெருமையாகச் சொல்வதைப் பார்க்கும்போது, 'நம்ம ஊர்ல இப்படிச் செய்யலாமா?' என்ற கேள்வி பலருக்கும் வரும்.

நேரடி பதில்: கூடாது. அதுவும் துப்பாக்கி வைத்திருப்பதைவிட, அதைச் செய்வதற்குத்தான் இந்தியாவில் தண்டனை பல மடங்கு அதிகம்.

ஆனால் சொந்தமாகச் செய்த துப்பாக்கி தமிழ்நாட்டு மலைகளுக்குப் புதுசு இல்லை. சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, ஜவ்வாது மலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளில் தலைமுறைகளாகவே நாட்டுத் துப்பாக்கி புழக்கத்தில் இருக்கிறது. 'உரிமம் இல்லாத துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படையுங்கள்' என்று காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதும், சில நாள்களில் காட்டோரத்தில் சாக்கில் சுற்றிய துப்பாக்கிகள் கிடப்பதும் இந்த மாவட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி.

அந்தத் துப்பாக்கிகள் ஏன் வந்தன? சட்டம் அவற்றை எப்படிப் பார்க்கிறது? வீட்டில் ஒன்று இருந்தால் என்ன செய்வது? பார்ப்போம்.

நாட்டுத் துப்பாக்கியும் ரைஃபிளும் ஒண்ணா?

இல்லை. ரைஃபிளின் குழலுக்கு உள்ளே சுருள் வடிவில் வரிகள் இருக்கும். அந்த வரிகள் தோட்டாவைச் சுழலவைத்து அனுப்புவதால் அது வெகுதூரம் குறி தவறாமல் போகும். மலைக்கிராமங்களில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிக்கு அந்த வரிகள் கிடையாது, குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும்.

இன்னொரு வித்தியாசம், மருந்து போடும் இடம். நாட்டுத் துப்பாக்கியில் பெரும்பாலும் குழலின் வாய்ப்பக்கமாகத்தான் கரிமருந்தும் குண்டும் உள்ளே போகும். காவல்துறை செய்திக்குறிப்புகளில் 'எஸ்.பி.எம்.எல்.' என்று வருவது இதுதான். ஒற்றைக் குழல், வாய்வழி நிரப்பும் துப்பாக்கி என்று அர்த்தம். கூடவே 'பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்' என்று ஒரு வரி இருக்கும். வண்டிச் சக்கரங்களில் போடும் சின்ன இரும்பு உருண்டைகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

முறையான தொழிற்சாலையில் செய்த துப்பாக்கியில் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். வெடிப்பின் அழுத்தத்தைக் குழல் தாங்குமா என்று சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். பட்டறையில் செய்த துப்பாக்கிக்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை, சோதனையும் இல்லை. குழல் எப்போது வெடித்துச் சிதறும் என்று சுடுகிறவருக்கே தெரியாது. முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடும் பொருள் அது என்பதை மறந்துவிட வேண்டாம்.

சேர்வராயன் மலைக்கு துப்பாக்கி எப்படி வந்தது?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சுற்றுலாப் பயணிகளுக்கு ஏரி, படகு, லேடீஸ் சீட். ஆனால் மலை முழுக்க அது மட்டும் இல்லை. காபித் தோட்டங்கள், மிளகுக் கொடிகள், பலா மரங்கள், அவற்றைத் தாண்டி மலையாளி பழங்குடியினரின் ஊர்களும் வயல்களும் இருக்கின்றன. பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். சேலம் மாவட்டத்தில் பட்டியல் பழங்குடியினராக அங்கீகரிக்கப்பட்டவர்கள்.

சாமையோ ராகியோ விளைந்து தலை சாயும் நேரத்தில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால், மூன்று மாத உழைப்பு ஒரே ராத்திரியில் காலி. காபித் தோட்டத்துக்குள் காட்டெருமை புகுந்தால் செடி மட்டும் போகாது, காலையில் வேலைக்குப் போகிறவரின் உயிருக்கும் ஆபத்து. இதனால்தான் பல குடும்பங்களில் நாட்டுத் துப்பாக்கி என்பது மண்வெட்டி, அரிவாள் வரிசையில் வைக்கப்பட்ட ஒரு விவசாயக் கருவியாக இருந்தது. விலங்கு விரட்டவும், அதே கையோடு வேட்டைக்கும் அது பயன்பட்டது என்பதையும் மறைக்க முடியாது.

இந்தக் கதையில் காலனி ஆட்சிக்கும் பங்கு உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபி சாகுபடியைத் தொடங்கிவைத்தார். பிறகு ஐரோப்பிய எஸ்டேட் முதலாளிகள் வந்தார்கள். 1878-இல் பிரிட்டிஷ் அரசு இந்திய ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, அதன் விதிகளில் ஐரோப்பியர்களுக்கு விலக்கு கிடைத்தது. அதாவது ஒரே மலையில், எஸ்டேட் துரைக்கு லைசென்ஸ் தேவையில்லை. பக்கத்து வயல்காரருக்குத் தேவை. மலையாளிகளின் துப்பாக்கி 'கள்ளத் துப்பாக்கி' ஆன கதை அங்கேயே தொடங்கிவிட்டது.

இப்போதைய சட்டம் என்ன சொல்லுது?

இன்று நடைமுறையில் இருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். 2019 டிசம்பரில் இது திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. இதில் மூன்று பிரிவுகளைப் புரிந்துகொண்டால் போதும்.

* பிரிவு 3, வைத்திருப்பது: லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. மீறினால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம். திருத்தத்துக்கு முன்பு இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. இந்தப் பிரிவில் வழக்கு நடத்த மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியும் வேண்டும்.

* பிரிவு 5, செய்வது: லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது, விற்பது, கைமாற்றுவது, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாம் குற்றம். குறைந்தபட்சம் 7 ஆண்டு. அதிகபட்சம் ஆயுள் தண்டனை. முன்பு இது 3 முதல் 7 ஆண்டு.

* பிரிவு 2, பாகமும் ஆயுதமே: 'ஆயுதம்' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் ஆயுதத்தின் பாகங்களும், ஆயுதம் செய்யும் இயந்திரங்களும் அடங்கும். ஆகவே 'நான் முழுசாப் பொருத்தவே இல்லையே' என்பது தப்பிக்கும் வழி ஆகாது. பாகத்தை வாங்கும்போதே நீங்கள் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறீர்கள்.

பலருக்கும் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. பிரிவு 5-இல் 'பழுதுபார்ப்பது' என்ற ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது.

உதாரணத்துக்கு, தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று பரணில் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேரன் அதை அப்படியே விட்டுவைத்திருந்தால், அது 2 முதல் 5 ஆண்டு வரையிலான குற்றம். அதே பேரன் ஆர்வத்தில் அதை இறக்கி, துரு தேய்த்து, உடைந்த பாகத்துக்குப் பதில் புதுசு செய்து மாட்டினால், குறைந்தது 7 ஆண்டு தண்டனை உள்ள பிரிவுக்குள் போய்விடுகிறார். விற்கிற எண்ணம் அவருக்கு இல்லை, சொந்த உபயோகம்தான் என்பது அந்தப் பிரிவில் ஒரு விலக்காகச் சொல்லப்படவே இல்லை. கரிமருந்து வைத்திருந்தால் வெடிபொருள் சட்டங்களின் கீழ் தனி வழக்கும் வரலாம்.

அப்போ அமெரிக்காவில் மட்டும் எப்படி?

அங்கே மத்திய சட்டத்தின் பார்வையில், துப்பாக்கியின் உடற்பகுதியான ஒரு பாகம்தான் 'துப்பாக்கி'. குழல், கைப்பிடி எல்லாம் வெறும் உதிரிப் பாகங்கள். விற்பனைக்கு இல்லாமல், சொந்தப் பயன்பாட்டுக்காக ஒருவர் துப்பாக்கி செய்துகொள்ள மத்திய அரசின் லைசென்ஸ் பொதுவாகத் தேவையில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாகாணங்கள் மட்டும் தனிக் கட்டுப்பாடுகள் வைத்திருக்கின்றன.

இந்தச் சுதந்திரமே அங்கும் பிரச்சினை ஆகிவிட்டது. வரிசை எண் இல்லாமல் வீட்டிலேயே தயாரான 'பேய்த் துப்பாக்கிகள்' குற்றச் சம்பவங்களில் அதிகமாகக் கிடைக்கத் தொடங்கின. பாகங்களைத் தொகுப்பாக விற்பவர்களும் வரிசை எண் இட வேண்டும், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்று 2022-இல் விதி வந்தது. 2025 மார்ச் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அந்த விதியை உறுதிசெய்தது.

குடகில் லைசென்ஸே வேண்டாமாமே?

ஏற்காட்டில் இருப்பவர்கள் நியாயமாகக் கேட்கும் கேள்வி. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் கொடவர் சமூகத்தினருக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே ஆயுத லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. அவர்களுடைய கயில்பொளுது திருவிழாவில் துப்பாக்கியை வைத்துப் பூஜை செய்வார்கள். 2019-இல் மத்திய அரசு இந்த விலக்கை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. எதிர்த்துப் போடப்பட்ட வழக்கில், 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

ஆயுதச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு இப்படி விலக்கு தரும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. சேர்வராயன் மலை மக்களுக்கு அப்படி ஓர் அறிவிக்கை கிடையாது. குடகிலும் விலக்கு என்பது வைத்திருப்பதற்குத்தான். பட்டறையில் செய்துகொள்வதற்கு இல்லை.

விவசாயிக்கு லைசென்ஸ் கிடைக்க வழியே இல்லையா?

இருக்கிறது. சட்டத்தின் 13-ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்காக ஒருவர் வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டால், மறுப்பதற்கான காரணங்கள் இல்லாதபட்சத்தில் வழங்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. வாய்வழி நிரப்பும் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால், வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். ஆக, மலைக்காரர்கள் காலங்காலமாக வைத்திருந்த அதே வகைத் துப்பாக்கியைத்தான் சட்டமும் விவசாயிக்குரிய துப்பாக்கியாக மனதில் வைத்திருக்கிறது. தொழிற்சாலையில் செய்ததாக, எண் உள்ளதாக, லைசென்ஸ் பெற்ற கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

நடைமுறை இப்படி:

* விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைவடைந்திருக்க வேண்டும்.
* ஏற்காடு தாலுகாவில் இருப்பவர் சேலம் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.
* காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். அதன் பிறகே முடிவு.
* மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். மேல்முறையீடும் செய்யலாம்.
* லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம்.

பேப்பரில் பார்த்தால் சுலபம். ஆனால் ஒரு மலைக்கிராம விவசாயிக்கு நிலப் பத்திரம், பாதுகாப்பாக வைக்கும் வசதி, சேலத்துக்குப் பலமுறை போய்வரும் பஸ் செலவு, நாள் கூலி இழப்பு எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு விண்ணப்பம். பக்கத்து ஊர்ப் பட்டறை அதைவிட எப்போதும் கிட்டத்தில் இருந்தது. சட்டம் திறந்துவைத்த கதவு வழியாகப் பலர் போகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

லைசென்ஸ் இருந்தா பன்றியைச் சுடலாமா?

முடியாது. துப்பாக்கி லைசென்ஸ் வேறு, வேட்டை அனுமதி வேறு. இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. காட்டெருமை அட்டவணை 1-இல் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும். காட்டுப்பன்றியும் அனுமதி இல்லாமல் கொல்லக் கூடாத விலங்குதான்.

பயிர்களை அழிக்கும் காட்டுப்பன்றிகள் விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம், ஆனால் சுடப்போவது வனத்துறையினர், விவசாயி இல்லை. காட்டை ஒட்டியே வயல் இருக்கும் மலைக்கிராமங்களுக்கு இதனால் பெரிய பலன் இருக்காது என்பது தூரக் கணக்கைப் பார்த்தாலே புரியும்.

'வன உரிமைச் சட்டம் எங்களுக்கு உரிமை தந்திருக்கே?' என்று கேட்கலாம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பாரம்பரிய உரிமைகளை அங்கீகரிக்கிறது. ஆனால் வேட்டையாடுவதும் பொறிவைத்துப் பிடிப்பதும் அதில் வராது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது.

உயிருக்கு ஆபத்தான நேரத்தில் நல்லெண்ணத்தோடு தற்காப்புக்காக ஒரு விலங்கைக் கொன்றால் குற்றமாகாது. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் வன உயிரினச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால், உதாரணமாக வேட்டைக்குப் போயிருந்தால், இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

இருட்டில் புதர் அசைவதைப் பார்த்து, விலங்கு என்று நினைத்துச் சுட்டதில் கூடவந்தவரே பலியான சம்பவங்களும் மலைப்பகுதிகளில் நடந்திருக்கின்றன. அப்போது ஆயுதச் சட்டத்தோடு உயிரிழப்புக்கான வழக்கும் சேர்ந்துகொள்ளும். ஒரு குடும்பம் ஆளை இழக்கும், இன்னொரு குடும்பத்தில் ஆள் சிறைக்குப் போவார். இருவரும் பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே சொந்தம்.

வீட்டில் பழைய துப்பாக்கி இருக்கு, என்ன செய்யணும்?

* தொடாதீர்கள்: குழலுக்குள் பழைய மருந்து இருக்கலாம். ட்ரிக்கரை இழுத்துப் பார்ப்பது, நெருப்பின் அருகே வைப்பது, சுத்தம் செய்கிறேன் என்று கழற்றுவது வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* 'அது ஓடாத துப்பாக்கி' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்: பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள, வழக்கொழிந்த பழைய ஆயுதங்களுக்கு 45-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் பழுதுபார்த்தால் சுடலாம் என்றால் அந்த விலக்கு பொருந்தாது. அதைச் சொல்ல வேண்டியவர் ஆயுத நிபுணர்.

* காட்டில் வீசாதீர்கள்: ஆடு மேய்க்கும் சிறுவன் கையில் கிடைக்கலாம். வேறு குற்றத்துக்கும் பயன்படலாம்.

* அறிவிப்பைக் கவனமாகக் கேளுங்கள்: 'தாமாக ஒப்படைத்தால் நடவடிக்கை இல்லை' என்பது காவல்துறை குறிப்பிட்ட காலத்துக்குத் தரும் வாய்ப்பு. சட்டப் புத்தகத்தில் எப்போதும் இருக்கும் உரிமை இல்லை. கடைசித் தேதி என்ன, எந்தக் காவல் நிலையம், யார் மூலம் கொடுக்கலாம் என்று ஊராட்சித் தலைவரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

* அறிவிப்பு இல்லாத நேரத்தில் வக்கீலிடம் பேசுங்கள்: பட்டியல் பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தந்த உரிமை இது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் அழைக்கலாம்.

* லைசென்ஸ் உள்ளவர் இறந்துவிட்டால்: அந்தத் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

துப்பாக்கி மேல் ஆர்வம் இருக்கும் இளைஞர்களுக்கு?

ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன. ஏர் ரைஃபிளில் 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்ற வரம்புக்குள் இருப்பவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டி அந்த வகையில்தான் நடக்கிறது. ஆனால் அதே ஏர் கன்னை எடுத்துக்கொண்டு காட்டில் பறவை சுட்டால், அது வன உயிரினக் குற்றம்.

துப்பாக்கி போயிடுச்சு, பன்றி போகலையே?

இதுதான் மலைக்கிராமங்களின் மிச்சக் கேள்வி. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்கலாம். சேதத்தைப் படம் எடுத்து, உடனே வனச்சரக அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் தர வேண்டும். சோலார் வேலி போடுவதென்றால் 2023-இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு அவசியம். நேரடி மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுவதும், அவுட்டுக்காய் வைப்பதும் துப்பாக்கியைவிட மோசமான வழிகள். அதில் யானையும் சாகும், தெரியாமல் கால் வைக்கும் மனிதரும் சாவார்.

ஒவ்வொரு முறை அறிவிப்பு வரும்போதும் துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்கு வருகின்றன. அதைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் விவசாயி அன்று ராத்திரியும் காவல் பரணில்தான் படுக்க வேண்டும், கையில் தகர டப்பாவும் டார்ச் லைட்டும் மட்டும் இருக்கும். இழப்பீடு சீக்கிரம் வந்தால், வேலிக்கு மானியம் கிடைத்தால், பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் விண்ணப்பத்தை ஏற்காட்டிலேயே கொடுக்க முடிந்தால், அடுத்த தலைமுறை பட்டறைப் பக்கம் போக வேண்டிய தேவையே இருக்காது.